கபாலபாதி, பஸ்திரிகா: வேக மூச்சு பற்றி நீங்கள் கேட்டவை

வேக மூச்சுப் பயிற்சி பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆசைதான், வேறு வேறு வார்த்தைகளில்: இன்னும் வேகமாக, இன்னும் அதிக எண்ணிக்கையில் செய்யலாமா? வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணங்கள் கீழே அங்கங்கே வரும். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் வேலையையும் மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: யூடியூபில் ஒருவர் மூச்சை வெளியே மட்டும் தள்ளச் சொல்கிறார். இன்னொருவர் கையைத் தூக்கி இறக்கி, உள்ளேயும் வெளியேயும் பலமாக விடச் சொல்கிறார். இரண்டுக்கும் கபாலபாதி என்றே பெயர் போட்டிருக்கிறது. எது சரி? (பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்)

முதலாமவர் செய்வது கபாலபாதி. இரண்டாமவர் செய்வது பஸ்திரிகா. கபாலபாதியில் உழைப்பு வெளிமூச்சுக்கு மட்டும்தான். அடிவயிற்றைச் சட்டென்று உள்ளே இழுக்கிறோம், காற்று மூக்கு வழியே வெளியேறுகிறது. வயிற்றைத் தளர விட்டதும் காற்று தானாக உள்ளே வந்துவிடும், நாம் இழுக்க வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நடப்பதற்கு இது நேர் எதிர். அப்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசை உள்மூச்சுக்குத்தான் வேலை செய்கிறது, வெளிமூச்சு தானாகப் போகிறது. பஸ்திரிகாவில் உள்ளே இழுப்பது, வெளியே விடுவது இரண்டுமே பலமாக.

இந்தக் குழப்பம் இன்று வந்ததில்லை. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை இரண்டையுமே கொல்லன் பட்டறைத் துருத்தியைக் காட்டித்தான் விளக்குகிறது. ஆனால் கபாலபாதியை ஆறு சுத்திகரிப்புக் கிரியைகளில் ஒன்றாகவும், பஸ்திரிகாவை எட்டுக் கும்பகங்களில் ஒன்றாகவும் வைக்கிறது. அதாவது ஒன்று மூக்கையும் மண்டையையும் துப்புரவாக்க, மற்றது மூச்சை அடக்கும் பயிற்சிக்கு. இன்னொரு பழைய யோக நூலான கேரண்ட சம்ஹிதையை எடுத்தால் கதையே வேறு. அதில் கபாலபாதி மூன்று வகை: ஒன்றில் இடம் வலமாக மூக்கை மாற்றி மூச்சு விடுகிறார்கள், மற்ற இரண்டில் மூக்கும் வாயும் வழியாகத் தண்ணீரை எடுத்து விடுகிறார்கள். கையைத் தூக்கி இறக்குவது பிரதீபிகையில் இல்லை, அங்கே பஸ்திரிகாவுக்குப் பத்மாசனம்தான். கையைத் தூக்குவது தவறு என்று சொல்ல மாட்டேன், விலா விரிவதற்கு உதவும். ஆனால் தோளில் வலி உள்ளவர்கள் அதற்காகச் சிரமப்பட வேண்டாம்.

வீட்டில் தனியாகத் தொடங்குகிறவர்கள் கபாலபாதியோடு நிற்பது நல்லது. பஸ்திரிகாவை ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று மாதமாகச் செய்கிறேன். நான் மூச்சை விடும்போது வயிறு வெளியே வருகிறது என்று மனைவி சொல்கிறார். அப்படி வரக்கூடாதா? (வங்கி ஊழியர், ஈரோடு)

வரக்கூடாது. வகுப்பில் மிக அதிகமாக நான் பார்க்கும் தவறு இதுதான், அவர் கவனித்துச் சொன்னது உங்கள் அதிர்ஷ்டம். வேகத்தைப் பிடிக்கப் போய் வயிறு திசை மாறிவிடுகிறது. மூச்சு விடும்போது வயிற்றை வெளியே தள்ளினால், அந்த அழுத்தமெல்லாம் கீழ்நோக்கித் தொப்புளையும் தொடை இடுக்கையும் போய் முட்டும். ஹெர்னியா வரக்கூடிய உடம்புக்கு இது கெடுதல்.

ஒரு வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு உள்ளங்கையைத் தொப்புளுக்குக் கீழே வையுங்கள். மூச்சை நிதானமாக முழுவதும் விடுங்கள். முடிந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் இன்னும் கொஞ்சம் விடுங்கள். அந்தக் கடைசிக் கொஞ்சத்தில் கைக்கடியில் வயிறு முதுகுப் பக்கம் இறங்கி இறுகுவது தெரியும். கபாலபாதியில் வேலை செய்யும் தசை அதுதான். அது எங்கே இருக்கிறது என்று பிடிபட்டதும், வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே "ஹும்" என்று ஒரே ஒரு சின்ன வெளிமூச்சு. கை உள்ளே போக வேண்டும். பிறகு வயிற்றை அப்படியே விட்டுவிடுங்கள், கை தானாக மேலே வரும். அது முழுதாக மேலே வந்த பிறகுதான் அடுத்தது.

இது பழகிய பின் உட்கார்ந்து செய்து, கண்ணாடி முன் மூன்று இடங்களைப் பாருங்கள். தோள் குதிக்கிறதா? முகம் சுளிக்கிறதா, உதடு இறுகுகிறதா? நெஞ்சுக்கூடு மேலும் கீழும் ஆடுகிறதா? மூன்றும் அசையாமல் அடிவயிறு மட்டும் அசைய வேண்டும். மூக்கிலிருந்து வரும் சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பத்தாவதில் சத்தம் மெலிந்தாலோ தாளம் தப்பினாலோ உங்களுடைய அன்றைய அளவு ஒன்பது. அதற்கு மேல் செய்வது எண்ணிக்கைக்குத்தான் உதவும்.

கேள்வி: வேகமாகச் செய்தால் தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு. சக்தி ஏறுகிறது, பயப்படாமல் தொடரச் சொல்கிறார் உடன் பயிலும் நண்பர். (மென்பொருள் துறை, சென்னை)

தொடராதீர்கள். அது சக்தி இல்லை, ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டதன் அடையாளம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலருக்கும் இதில்தான் தெளிவில்லை.

வேகமாக மூச்சு விட்டால் உடம்புக்கு நிறைய ஆக்சிஜன் கிடைக்கும் என்று நம்புகிறோம். ஆரோக்கியமான ஒருவருக்குச் சும்மா இருக்கும்போதே ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 95 முதல் 100 சதவீதம் வரை இருக்கிறது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே அளவுதான். நிறைந்திருப்பதில் மேலும் ஊற்ற இடமில்லை. ஆனால் கரியமில வாயு அப்படியில்லை, வேக மூச்சில் மளமளவென்று வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் கிறுகிறுப்பு. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்கு வேண்டிய கால்சியம் தற்காலிகமாகப் போதாமல் போகும், அதனால் மரமரப்பு. இன்னும் தொடர்ந்தால் விரல்கள் முறுக்கிக்கொள்ளும், சிலர் மயங்கியும் விழுவார்கள்.

சரி, அப்படியானால் கபாலபாதியே கூடாதா? முறையாகச் செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. ஒரு சாதாரண மூச்சில் அரை லிட்டர் காற்று போய் வருகிறது. அதில் சுமார் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வரைதான் வந்து திரும்பும், நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்ச் சேராது. கபாலபாதியின் ஒவ்வொரு தள்ளலும் சின்னதாக இருந்தால், அதில் பெரும் பங்கு இந்த வழிப்பாதைக் காற்றாகவே இருக்கும். கரியமில வாயு அவ்வளவாகக் குறையாது. ஒவ்வொரு தள்ளலுக்கும் நெஞ்சு நிறைய இழுத்து முழுதாக விடும்போதுதான் அது சரிகிறது. ஆகவே உங்கள் தள்ளல்கள் பெரிதாக இருக்கின்றன என்று ஊகிக்கிறேன். அளவைக் குறையுங்கள், வேகத்தையும் பாதியாக்குங்கள். கிறுகிறுப்பு வந்த கணமே நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். சின்னதாகச் செய்தும் வந்தால், இந்தப் பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு தடவைக்கு எத்தனை? என் செயலியில் 500 என்று வருகிறது. (கோவை)

செயலிக்கு உங்கள் வயிறு தெரியாது. புதியவர்களுக்கு விநாடிக்கு ஒன்று என்ற வேகத்தில் 20, பிறகு ஒரு நிமிடமாவது சாதாரண மூச்சு, இப்படி மூன்று சுற்று. சில வாரங்கள் கழித்து சுற்றுக்கு 30, 40 என ஏற்றலாம். நன்றாகப் பழகியவர்கள் நிமிடத்துக்கு 120 வரை போவதுண்டு. அந்த வேகத்தில் வயிறு முழுதாகத் தளர நேரம் இருக்காது என்பதால் பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை. சுற்றுக்கு நடுவே வரும் அந்த ஒரு நிமிடத்தை யாரும் தாண்டிப் போகாதீர்கள். தள்ளல் நின்றதும் மூச்சு தானாக மெதுவாகி, சில கணங்கள் மூச்சே வேண்டாம் என்பது போல ஓர் அமைதி வரும். எனக்குக் கபாலபாதியில் மிகப் பிடித்தது அதுதான், அடுத்த சுற்றுக்கு அவசரப்படுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: மதியம் மூன்று மணிக்கு அலுவலகத்தில் கண் சொருகுகிறது. காபிக்குப் பதில் கபாலபாதி செய்யலாமா? (கணக்காளர், திருச்சி)

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அதுதான் இங்கே சிக்கல். ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் மூன்று மணிக்குச் செய்தால் சாம்பார் தொண்டைக்கு வரும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நான்கு மணி வரை தள்ளிப்போட முடிந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு சுற்று செய்யுங்கள்.

சுறுசுறுப்பு வருமா என்றால், வரும். புதுச்சேரி ஜிப்மரில் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏற்கெனவே யோகா பழகிவந்த 22 பள்ளிச் சிறுவர்களைப் பஸ்திரிகா வகை மூச்சு செய்யவைத்து, ஒளியையும் ஒலியையும் கண்டு பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று முன்னும் பின்னும் அளந்தார்கள். பயிற்சி முடிந்த உடனே அந்த நேரம் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் காலையில் இதைச் செய்கிறவர்கள் சொல்லும் அந்த "பளிச்" உணர்வோடு ஒத்துப்போகிறது. அதே காரணத்தால் இரவு படுக்கப் போகும் முன் வேண்டாம், தூக்கம் கலையும். இரவில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்துகொண்டு பகலெல்லாம் களைத்திருக்கிற தாய்மார்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தூக்கம்தான், வேக மூச்சு அந்த இடத்தை நிரப்பாது.

கேள்வி: வயது 58. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கபாலபாதி செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பூங்காவில் சொல்கிறார்கள். (ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்)

மாத்திரையை நிறுத்தாதீர்கள் ஐயா. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட. கபாலபாதியும் உங்களுக்கு ஏற்ற பயிற்சி இல்லை. வேக மூச்சு நடக்கும்போது இதயம் வேகமாகத் துடிக்கும், நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர் மாறான வேலை அது.

இதற்கும் ஜிப்மரில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு, 2013இல் வந்தது. மாணவர்களைப் பிரித்து ஒரு குழுவுக்கு வேகமான பிராணாயாமங்கள், இன்னொரு குழுவுக்கு மெதுவானவை, 12 வாரம். மன அழுத்தம் இரண்டு குழுவிலுமே குறைந்தது. நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தது மெதுவாகச் செய்தவர்களுக்குத்தான். உங்களுக்கு நாடி சுத்தி போதும்: இடது மூக்கில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விடுவது, மூச்சை அடக்காமல், காலையும் மாலையும் பத்து நிமிடம். மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள். அளவு குறைந்து வந்தால் மாத்திரையைக் குறைப்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இதய நோய், வலிப்பு, கண் அழுத்த நோய், விழித்திரைப் பிரச்சினை, ஹெர்னியா, சமீபத்தில் வயிற்று அறுவை சிகிச்சை ஆனவர்கள், கர்ப்பிணிகள்: இவர்கள் எல்லாருக்கும் இதே பதில். வேக மூச்சு வேண்டாம். கர்ப்பமாக இருந்துகொண்டு "மெதுவாகச் செய்தால்?" என்று கேட்ட இரண்டு சகோதரிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: சிசேரியன் ஆகி ஐந்து மாதம். தொப்பை குறையக் கபாலபாதி செய்யச் சொல்கிறார் அத்தை. (நாகர்கோவில்)

அத்தையின் அக்கறை புரிகிறது, ஆனால் இப்போது வேண்டாம். வெளியே தையல் ஆறியிருந்தாலும் உள்ளே ஆற நாளாகும். பேறுகாலத்தில் வயிற்றின் நடுவில் தசைகள் விலகியிருக்கலாம், அது ஒட்டும் முன் குத்திக் குத்தி இழுத்தால் விலகல் நீடிக்கும். மல்லாந்து படுத்துத் தலையைக் கொஞ்சம் தூக்கும்போது தொப்புளைச் சுற்றி மேடு மாதிரி எழும்பினால், மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டிவிட்டுத்தான் எந்த வயிற்றுப் பயிற்சியும்.

தொப்பை விஷயத்தில் யாருக்கும் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. கபாலபாதி வயிற்றுத் தசையை இறுக்கும், வயிறு கொஞ்சம் அடங்கித் தெரியும். கொழுப்பை அது கரைக்காது. உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிடம் வயிற்றை அசைப்பதில் செலவாகும் சக்தி மிகக் குறைவு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாலையில் ஒரு நடை போய் வாருங்கள், அது இதைவிட அதிகம் செய்யும்.

கேள்வி: ஊர்க் கிணற்றில் நீச்சல் அடிப்போம். வேகமாக முப்பது நாற்பது மூச்சு விட்டுவிட்டு முங்கினால் ரொம்ப நேரம் தம் பிடிக்க முடிகிறது. தினமும் நேரம் கூடுகிறது. இன்னும் கூட்ட என்ன செய்யலாம்? (கல்லூரி மாணவர், சேலம் பக்கம்)

தம்பி, இன்றைக்கே நிறுத்துங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் இதற்குத்தான் பதில் எழுதினேன்.

மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு இல்லை, கரியமில வாயு சேர்வதுதான். முங்கும் முன் வேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவைத் துரத்திவிட்டால், மேலே வா என்று உடம்பு கொடுக்கும் மணி தாமதமாக அடிக்கும். ஆக்சிஜன் மட்டும் வழக்கம்போலத் தீர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் கூட்டியது தாக்குப்பிடிக்கும் திறனை இல்லை, எச்சரிக்கையை அமுக்கிவிட்டீர்கள். அந்த மணி அடிக்கும் முன்பே ஆக்சிஜன் போதாமல் போனால் தண்ணீருக்கடியில் நினைவு தப்பும். தவிப்போ கைகால் உதறலோ இருக்காது. கரையில் நிற்கும் நண்பர்கள் நீங்கள் இன்னும் தம் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் போகிறார்கள், ஏனென்றால் முங்கிப் பந்தயம் வைப்பவர்கள் அவர்கள்தான்.

கபாலபாதி, பஸ்திரிகா, வேறு எந்தப் பெயரில் வேக மூச்சு செய்தாலும் அது தரையில், உட்கார்ந்தபடி. கிணறு, குளம், தொட்டிக் குளியல், வண்டி ஓட்டுவது, எதற்கும் முன்னாலோ நடுவிலோ கிடையாது. உங்களோடு கிணற்றுக்கு வருகிறவர்களிடமும் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைப்பு. செய்யலாமா? (விருதுநகர்)

அடைப்போடு பலமாகத் தள்ளினால் காதில் போய் அடைக்கும். முதலில் மூக்கைத் திறக்கப் பாருங்கள். உப்பு நீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கு வழியே வெளியேற்றும் ஜல நேத்தி நல்ல வழி. அரை லிட்டர் இளஞ்சூட்டு நீருக்கு ஒரு சின்ன டீஸ்பூன் உப்பு. தண்ணீர் கட்டாயம் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ அப்படியே மூக்கில் போகக் கூடாது, அரிதாக உயிருக்கே ஆபத்தான கிருமி அந்த வழியில் மூளைக்குப் போவதுண்டு. நேத்திக்குப் பிறகு மீந்த நீரை வெளியேற்ற, குனிந்து மெல்ல இருபது கபாலபாதி. இந்த இரண்டும் பழைய காலத்திலிருந்தே ஜோடி. மாதக்கணக்கில் ஒரே பக்கம் அடைத்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கட்டும், மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கலாம்.

கேள்வி: எனக்குப் பதற்றம் அதிகம். வகுப்பில் பஸ்திரிகா செய்தபோது நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேனோ என்று ஆகிவிட்டது. நான் மட்டும்தான் இப்படியா? (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

நீங்கள் மட்டும் இல்லை. பதற்றத் தாக்குதலில் உடம்பு காட்டும் குறிகளும் வேக மூச்சு உண்டாக்கும் குறிகளும் ஏறக்குறைய ஒன்றே, அதனால் மனம் பழைய பயத்துக்குப் போய்விடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிட வேண்டிய விஷயம் இல்லை இது. உங்கள் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் பஸ்திரிகா செய்யும்போது நீங்கள் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், அல்லது வண்டு போல ரீங்கரித்துக்கொண்டே மெதுவாக மூச்சு விடும் பிராமரி செய்யுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத வகுப்பு உங்களுக்கானது இல்லை. பதற்றத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால் அதை விடாதீர்கள்.

கேள்வி: ஆரோக்கியமாக இருப்பவருக்குக்கூட ஆபத்து வந்ததுண்டா? (மதுரை)

அபூர்வமாக உண்டு. 2004இல் செஸ்ட் என்ற மருத்துவ இதழில் 29 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். நலமாக இருந்தவர், கபாலபாதியால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. இதைச் சொல்லிப் பயமுறுத்த நினைக்கவில்லை. பயிற்சியின்போதோ முடிந்த பிறகோ ஒரு பக்கம் நெஞ்சில் குத்தும் வலியும் மூச்சுத் திணறலும் வந்தால், வாயுப் பிடிப்பு என்று வெந்நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: வீசிங் உண்டு. மொட்டை மாடியில் அதிகாலையில் செய்கிறேன். போகி அன்றும் விடக்கூடாது என்று வைராக்கியம். (ராயபுரம், சென்னை)

போகி அன்று காலை சென்னைக் காற்றில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகைதான் இருக்கும். மாடிக்கே போகாதீர்கள், சன்னலையும் மூடிவையுங்கள். புகை அடங்கும்வரை, அது மறுநாளானாலும், வேக மூச்சு வேண்டாம். மற்ற நாட்களிலும் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும் நாளில் செய்யாதீர்கள், பலமான வேக மூச்சே குழாய்களைச் சுருங்க வைத்துவிடலாம். நன்றாக இருக்கும் நாளில், விநாடிக்கு ஒன்றுக்கும் மெதுவாக, ஒரு சுற்று. இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.